அவசரம் லேது

விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸில் யாரும் பேசமாட்டார்கள். ஆந்திர எல்லையில், விஜயபுரம் பக்கத்து ஊர்களில் ஏறுகிற பெண்கள் எல்லாரும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, வரதய்யபாளையம் வரும்வரை ஒரு தூக்கம் போடுவோம். சமைத்து, டப்பா கட்டி, வாசல் தெளித்துவிட்டு ஓடி வந்த உடம்பு. அந்தத் தூக்கத்தைக் கலைக்கிறவளுக்கு மன்னிப்பே கிடையாது.

அப்படிப்பட்ட பஸ்ஸில் ஒருநாள், நாகலாபுரம் தாண்டியதும், என் மடியிலிருந்த செல்போன் கணீரென்று ஒரு பெண் குரலில் சொன்னது: "ரிப்பீட் ஆஃப்டர் மீ. ஐ ஹியர் வாட் யூ ஆர் சேயிங்."

இயர்போனின் முனை போனில் சரியாக ஏறவில்லை. கார்களுக்குள் ஓடும் ஒயர்களைச் செருகி, டேப் சுற்றி, கட்டுக் கட்டாக அனுப்பும் கம்பெனியில் வேலை செய்கிறவள் நான். சொந்தப் போனில் ஒரு ஒயரைச் செருகத் தெரியவில்லை.

பக்கத்து சீட்டில் எல்லம்மா அக்கா. என்னைவிட மூத்தவள், என் லைனிலேயே டேப் சுற்றுகிறவள். முகத்துணியை விலக்காமலே கேட்டாள்: "ஐயரு இன்னாடி சொல்றாரு?"

'ஐ ஹியர்' அவள் காதில் 'ஐயர்' என்று விழுந்திருக்கிறது. பஸ் மொத்தமும் விழித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு 'ஐயரக்கா' என்று பெயர். கம்பெனி வாசலில் செக்யூரிட்டிகூட அப்படித்தான் கூப்பிட்டான்.

நான் கோபப்படவில்லை என்று எழுதினால் பொய். மூக்கு சிவக்கக் கோபம். ஏனென்றால் அந்தப் பாடத்தில் நான் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தேன். அது பஸ்ஸில் யாருக்கும் தெரியாது.

தலையாட்டும் வேலை

கம்பெனியில் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், "இத்தனை வருஷமும் ஆப்பரேட்டராகவே இருந்துவிட்டீர்களே, ஏனம்மா?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அந்தக் கேள்வியை நானே எனக்குள் கேட்டுக்கொள்ள வெகுகாலம் ஆகிவிட்டது.

எங்கள் லைனுக்கு ஒரு லைன் லீடர் உண்டு. காலை ஷிப்ட் தொடங்கும்போது எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, இன்றைக்கு என்ன பீஸ், அதாவது எந்த ஒயர்க் கட்டு, எதில் கவனம் என்று சொல்வார். சொல்லி முடித்ததும் "அண்டர்ஸ்டுட்?" என்பார். நாங்கள் தலையாட்டுவோம்.

அந்தத் தலையாட்டலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். லீடர் பேசுவது தெலுங்கும் இங்கிலீஷும் கலந்த வேகமான பேச்சு. வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள். ஒரிசாப் பெண்கள் சிலர். தெலுங்கே தாய்மொழியாக இருப்பவர்களுக்குக்கூட நடுவில் வரும் இங்கிலீஷ் புரியாது. ஆனாலும் எல்லாத் தலையும் ஒன்றுபோல ஆடும். புரியவில்லை என்று லீடரிடம் சொல்வது எங்கள் லைனில் இல்லாத பழக்கம். சொன்னால் மக்கு என்று பெயர் வரும், அந்தப் பெயர் சம்பள உயர்வு வரைக்கும் கூடவே வரும்.

லீடர் நகர்ந்ததும்தான் கூத்து. "இன்னா சொன்னாரு? நீலத்துக்கு முன்னாடி பச்சையா, பச்சைக்கு முன்னாடி நீலமா?" என்று ஆளாளுக்குக் கிசுகிசுப்பார்கள். கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். எனக்குத் தமிழும் வரும், தெலுங்கும் வரும், இங்கிலீஷை முகம் பார்த்துப் பிடித்துவிடுவேன். நான் சொல்லிக்கொடுப்பேன். சமயத்தில் நான் சொன்னதும் தப்பாகப் போய், பெட்டி பெட்டியாகச் சரக்கில் டேப்பைப் பிரித்திருக்கிறோம்.

எப்படியும் இந்த வேலையை நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன், லைன் லீடர் பதவியாகவே கொடுத்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல் மனிதவளப் பிரிவு ஆபீசரிடம் போய்க் கேட்டேன். ஹெச்.ஆர். சார் தங்கமான மனிதர், தெலுங்கில் இனிக்க இனிக்கப் பேசுவார். டிகிரி இல்லாமல் முடியாதம்மா என்றார். அதற்கு முன்பே இரண்டு முறை அந்த இடத்துக்கு டிகிரி முடித்த சின்னப் பிள்ளைகள் வந்து, வேலை பழகி, வேறு லைனுக்குப் போயிருந்தார்கள்.

திருப்பதியில் ஒரு கல்லூரி, ஆன்லைனிலேயே பட்டம் தருகிறது என்று சித்தூரில் நர்ஸிங் படிக்கும் என் மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். சேர்ந்தேன். மற்ற பாடங்களை முட்டி மோதித் தாண்டிவிட்டேன். கடைசியில் நின்றது ஒரே ஒரு பேப்பர். வேலையிடத்தில் பேசுவது எப்படி என்பதற்கு ஒரு பாடம். அதற்கு 'ஒர்க்பிளேஸ் கம்யூனிகேஷன்' என்று பெயர்.

என் வீட்டுக்காரர் தணிகாசலம் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். "வாயுள்ள புள்ள பொழைக்கும்னுவாங்க. உனுக்கு வாயத் தவிர வேற இன்னா கீது? உனுக்குப் பேசச் சொல்லித்தர ஒரு காலேஜா?" என்றார். சிரித்தாலும், வகுப்பு இருக்கும் நாளில் போனை அவர்தான் சார்ஜில் போட்டு வைப்பார்.

நாளைக்குச் செலவு

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது வரை தமிழ். அதற்கு மேல் பக்கத்து ஊரில் தெலுங்கு. ஆறாவதில் சேர்ந்த புதிதில், வாத்தியார் வகுப்பு முடியும்போது "ரேபு செலவு" என்றார். வீட்டுக்கு வந்து நைனாவிடம், நாளைக்குச் செலவு என்று அப்படியே சொன்னேன்.

நைனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வேர்க்கடலை விற்காத வருஷம் அது. இன்னா செலவு, பென்சிலா, நோட்டா என்று விசாரித்தார். எனக்கும் தெரியவில்லை. "சும்மா செலவு நைனா. எல்லாருக்கும் செலவு" என்றேன். மறுநாள் காலையில் ஹெட்மாஸ்டரை இரண்டு கேள்வி கேட்டுவிடுவது என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது.

தெலுங்கில் செலவு என்றால் விடுமுறை. அன்றைக்குப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்து நைனா என்னைத் திட்டவில்லை. தெலுங்கு வாத்தியாரையும் திட்டவில்லை. ரெண்டு பாஷைக்கும் ஒரே சொல்லை வைத்தவன் எவனோ அவனைத்தான் திட்டினார்.

இந்தக் கதையை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். மூன்று மொழிக்காரி, இனிமேல் எந்தச் சொல்லும் என்னை ஏமாற்றாது என்று ஒரு மிதப்பு எனக்கு உண்டு.

நாட் அர்ஜென்ட், சார்

அந்தப் பேப்பரில் எழுத்துத் தேர்வு சுலபம். பேச்சுத் தேர்வுதான் வில்லங்கம். போனில் வீடியோவில் வரும் ஆசிரியை மேலதிகாரியாக நடிப்பார், நாம் ஊழியராகப் பேசவேண்டும். எங்கள் ஆசிரியை பத்மஜா மேடம். திருப்பதிக்காரர், தெலுங்கும் இங்கிலீஷும் மட்டும்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பேசுவார்.

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. கழனியில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்திலிருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேட்டில் ஏறி உட்கார்ந்தால் வரும். இஸ்திரி போட்ட சுடிதாரோடு அங்கே போய் உட்கார்ந்தேன். எனக்கு வந்த கேள்வி இது: மேலதிகாரி தேவையில்லாத ஒரு யோசனை சொல்கிறார், அதை மரியாதையாக மறுக்கவேண்டும்.

மேடம் அதிகாரியாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வரவழைத்து ஒரு மீட்டிங் போடலாமா என்று இங்கிலீஷில் கேட்டார்.

பதில் என் மண்டையில் தெலுங்கில் தயாராக இருந்தது. கம்பெனியில் பேசுவதெல்லாம் தெலுங்குதானே. அதை இங்கிலீஷாக்கி நிமிர்ந்து சொன்னேன்: "சார், தி மீட்டிங் ஈஸ் நாட் அர்ஜென்ட்."

அப்படியானால் திங்கட்கிழமை போடலாமா என்றார். மண்டேயும் நாட் அர்ஜென்ட் சார் என்றேன். அடுத்த மாதம்? நெக்ஸ்ட் மந்த்தும் நாட் அர்ஜென்ட். எப்போதுதான் அர்ஜென்ட் ஆகும் என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எத்தனை முறை சொன்னாலும் இந்த அதிகாரிக்கு ஏறவில்லையே என்று, "நெவர் அர்ஜென்ட், சார்" என்று கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். கொட்டகைக்குப் பின்னால் எங்கள் மாடு ஒரு குரல் கொடுத்தது.

ஃபெயில். கீழே குறிப்பு போட்டிருந்தார் மேடம். நீங்கள் மறுக்கவில்லை, தள்ளிப்போட்டீர்கள், சொல்ல வந்தது சேரவில்லை என்று பொருள்.

நான் குமுறினேன். வேண்டாம் என்று தெள்ளத் தெளிவாகச் சொன்னவளைப் பார்த்துத் தள்ளிப்போட்டாய் என்றால்? பேசியதை வரிவரியாக வீட்டுக்காரரிடம் ஒப்பித்தேன். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான சொல்லிக்கீற" என்றார். அவர் சொன்னது எனக்குத் தெம்பாக இருந்தது. அந்தம்மாவுக்குத்தான் காது சரியில்லை என்று முடிவு கட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆனால் கவலை வேறு. லைன் லீடர் இடம் மறுபடியும் காலியாகிக்கொண்டிருந்தது. சப்ளி என்று எங்கள் பக்கம் சொல்லும் மறுதேர்வு ஒன்றுதான் நடுவில் இருந்தது. அதைத் தாண்டாவிட்டால் மூன்றாவது முறையாகவும் இன்னொருவருக்குக் கீழே நின்று தலையாட்டவேண்டும். அந்த நினைப்பே எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. அதனால்தான் பஸ்ஸில்கூட அந்த ஐயரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்டோர் ஜன்னல்

விஷயம் வெளுத்தது எங்கள் ஸ்டோர் ஜன்னலில்.

பிரியங்கா என்று செய்யாறு பக்கத்துப் பெண், லைனுக்குப் புதிது. அவளுடைய கையுறையில் ஒரு விரல் நுனி ஓட்டையாகிவிட்டது. டீ நேரத்துக்கு முன்னால் ஸ்டோர் ஜன்னலுக்குப் போய், அங்கே இருக்கும் சீனிவாசுலுவிடம் வேறு ஜோடி கேட்டிருக்கிறாள். அவர் ஓட்டையைப் பார்த்துவிட்டு "அவசரம் லேதம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் டீயோடு அந்தப் பக்கம் வந்தபோது அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சீனிவாசுலு, இந்தப் பெண் எதற்கு மல்லுக்கு நிற்கிறாள் என்று என்னிடம் தெலுங்கில் முறையிட்டார். ஏன்டி நிற்கிறாய் என்று அவளைக் கேட்டேன்.

"அவசரம் இல்லன்னு அவருதான்க்கா சொன்னாரு. மெதுவா எடுத்துத் தருவாருன்னு நிக்கிறேன்" என்றாள் அவள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. சீனிவாசுலு சொன்னது, இதற்கெல்லாம் புதுக் கையுறை தேவையில்லை, போ என்று. அவளுக்குக் கேட்டது, ஒன்றும் அவசரமில்லை, நில் என்று. இரண்டு பேருக்கும் விளக்கிச் சொல்லிக்கொண்டே சிரித்தேன். என் நைனாவின் செலவுக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

அப்படியே நின்றுவிட்டேன்.

மோட்டார் கொட்டகை மேட்டில் உட்கார்ந்து என் மண்டையில் ஓடிய தெலுங்கு என்ன? 'அவசரம் லேது.' தேவையில்லை. அதை இங்கிலீஷுக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியில் என் தமிழ் கைநீட்டி வாங்கியிருக்கிறது. தமிழ் அவசரத்துக்கு இங்கிலீஷ் அர்ஜென்ட். 'நாட் நெசசரி' என்று சொல்லவேண்டியவள், 'நாட் அர்ஜென்ட்' என்று சாதித்திருக்கிறேன். அதைச் சரி என்று சான்றிதழ் கொடுத்தது, என்னைப் போலவே ரெண்டு பாஷையிலும் ஒரே நேரத்தில் வாழும் என் வீட்டுக்காரர். சென்னையில் பிறந்தவளுக்கு இந்தத் தப்பு வராது. விஜயவாடாக்காரிக்கும் வராது. எங்கள் எல்லைக்காரிகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த தப்பு.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம். இதுவரை எதில் தோற்றேன் என்றே தெரியாமல் மறுதேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த தப்பை என்னால் திருத்த முடியும்.

ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, சீனிவாசுலுவிடம் பேசி அந்தப் பெண்ணுக்குப் புதுக் கையுறையும் வாங்கிக் கொடுத்தேன். ஓட்டை ஓட்டைதானே.

பஸ்ஸில் எத்தனை மேனேஜர்கள்

மறுநாள் பஸ்ஸில் நானே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். பேச்சுப் பரீட்சையில் ஃபெயில், இந்த ஒரு சொல்லால் ஃபெயில், மறுபடியும் எழுதப்போகிறேன், எனக்கு மேனேஜராக நடிக்க ஆள் வேண்டும் என்று.

எல்லம்மா அக்கா முகத்துணியை உருவிப் போட்டுவிட்டு முதல் மேனேஜர் ஆனாள். பதினைந்து வருஷமாக மேனேஜர்கள் எதிரில் வாய் திறக்காதவள். மேனேஜர் வேஷம் கிடைத்ததும் பார்க்கவேண்டுமே அவளுடைய அதிகாரத்தை.

"ஏ கோமளா, ஞாயித்துக்கெழம மீட்டிங். வருவியா மாட்டியா, ஒரே பேச்சு."

"சார், இட் ஈஸ் நாட் நெசசரி, சார்."

"அத்த சொல்ல நீ யாருடி?"

சத்தியவேடு வருவதற்குள் பஸ் முழுக்க மேனேஜர்கள். ஒருத்தி என் லீவை ரத்து செய்தாள். ஒருத்தி ராத்திரி ஷிப்ட் போட்டாள். இன்னொருத்தி, வீட்டில் மாமியார் செய்வதை எல்லாம் மேனேஜர் வாயில் வைத்துக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நான் இங்கிலீஷில் மரியாதையாக மறுப்பு சொன்னேன். தூக்கம் போனதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. ஐயரக்கா என்ற பெயர் மட்டும் போகவில்லை.

தானாக ஆடிய தலை

இந்த முறை தொட்டி மேட்டை நம்பவில்லை. நேரிலும் வந்து பேசலாம் என்று கல்லூரி சொன்னதால் லீவு போட்டுவிட்டுத் திருப்பதிக்கே போனேன். புத்தூரில் ஏறிய பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே பாடத்தை முணுமுணுத்தேன். மலைக்குப் போகிற ஒரு குடும்பம் நான் மந்திரம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் கொடுத்தது.

பத்மஜா மேடம் வீடியோவில் தெரிந்ததைவிடக் குள்ளம். மேசை மேல் பாதி கடித்த ஜாமக்காய், அதாவது கொய்யா. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு நான் தயாராக இருந்தேன். எந்தக் கிழமை மீட்டிங்குக்கும் தயாராக இருந்தேன்.

அவர் கொடுத்த கேள்வி வேறு. மேலதிகாரி ஒரு வேலை சொல்கிறார், உங்களுக்குப் புரியவில்லை, அதை அவரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவுதானா என்று நினைத்தேன். மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு, இங்கிலீஷில் கடகடவென்று ஏதோ பெட்டி, ஏதோ லேபிள், ஏதோ தேதி என்று கொட்டினார். அசல் எங்கள் லீடர் மாதிரியே. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து "அண்டர்ஸ்டுட்?" என்றார்.

என் தலை ஆடிவிட்டது.

என்னைக் கேட்கவே இல்லை. இத்தனை வருஷப் பழக்கம், அந்தச் சொல் காதில் விழுந்ததும் தானாக மேலும் கீழும் போய்விட்டது. மேடம் பேனாவை எடுத்தார். அவ்வளவுதான், போச்சு என்று தெரிந்தது. அந்த நொடியில் வந்த ஆத்திரம் மேடம் மேல் இல்லை, லீடர்கள் மேல் இல்லை, என் கழுத்து மேல்தான். புத்தகத்தில் படித்த அழகான வாக்கியம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சார், மை ஹெட் செட் யெஸ். பட் ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் டெல் அகெய்ன்."

மேடம் எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதே வேலையை மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த முறை புரிந்தது. புரிந்ததை நான் திருப்பிச் சொன்னேன். ஒரு இடத்தில் தேதியைத் தப்பாகச் சொல்லி, அவர் திருத்தி, மறுபடியும் சொன்னேன்.

வாசல் வரை வந்து, தெலுங்கில் ஒன்று கேட்டார். கம்பெனியில் எப்போதாவது இப்படிச் சொல்லியிருக்கிறீர்களா என்று. இல்லை என்றேன். இதுதான் முதல் தடவையா என்றார். ஆமாம் மேடம், உங்களிடம்தான் என்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன்.

பாஸ். சொல்லிக்கொள்ளும் மார்க் இல்லை, ஆனாலும் பாஸ்.

அந்த அறை

லைன் லீடர் இடத்துக்கு இன்டர்வியூ. ஏசி அறையில் மூன்று பேர். நடுவில் வடக்கேயிருந்து வந்த பிளான்ட் மேனேஜர், அவருக்கு இங்கிலீஷும் இந்தியும்தான். ஒருபக்கம் ஹெச்.ஆர். சார். இன்னொரு பக்கம் குவாலிட்டி மேடம்.

வேலையைப் பற்றிய கேள்விகள் நன்றாகவே போயின. முடியும் நேரத்தில் ஹெச்.ஆர். சார், தன் வழக்கமான இனிப்புக் குரலில், தெலுங்கில் ஆரம்பித்தார். மகள் படிக்கிறாள், அடுத்து சம்பந்தம் பார்க்கவேண்டும், லீடர் என்றால் ஷிப்ட் மாறி மாறி வரும், வீடு இருக்கிறது, மாடு இருக்கிறது. அப்புறம் கேட்டார்.

"ஈ வயசுலோ இதி மீக்கு அவசரமா, கோமளம்மா?"

இந்த வயதில் இது உங்களுக்குத் தேவையா என்கிறார். என் மேல் அக்கறையாகத்தான் கேட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அக்கறையாகக் கேட்கும் கேள்விக்கு நாங்கள் அசட்டுச் சிரிப்பு சிரித்துத் தலையைக் குனிந்துகொள்வோம். அதோடு அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

எனக்குக் காது மடல் சுட்டது. தெலுங்கில் பதில் சொன்னால் நடுவில் இருக்கும் மனிதருக்குக் கேட்காது. அதனால் அவரைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னேன். இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது, பொருள் இதுதான்: "சார், இவர் தெலுங்கில் கேட்கிறார், இந்த வேலை எனக்கு நெசசரியா என்று. யெஸ் சார், நெசசரி. அதே சொல்லுக்கு என் தாய்மொழியில் அர்ஜென்ட் என்று அர்த்தம். அதற்கும் யெஸ், சார்."

மேனேஜர் புரியாமல் ஹெச்.ஆர். சாரைப் பார்த்தார். ஹெச்.ஆர். சாரே அவசரத்தின் இரண்டு அர்த்தத்தையும் மேனேஜருக்கு எடுத்துச் சொன்னார். இத்தனை வருஷம் தமிழாட்களிடம் இந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்று கடைசியில் தனக்குள் சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. குவாலிட்டி மேடம் சிரித்துவிட்டார்.

முதல் காலை

லீடராக முதல் ஷிப்ட். எல்லாரும் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையை நான் அதற்கு முன்னால் எதிரில் நின்று பார்த்ததே இல்லை. பிரியங்கா, ஒரிசாப் பெண்கள், கடைசியில் எல்லம்மா அக்கா. அன்றைக்கு ஒரு புது பீஸ். நீல முனை முதலில், அது கிளிக் என்று உட்கார்ந்த பிறகு பச்சை, கடைசியில் லேசாக இழுத்துப் பார்க்கவேண்டும். முந்தின நாளே சொல்லிப் பார்த்துத் தயார் செய்திருந்தேன்.

ஆனால் வரிசையைப் பார்த்ததும் எனக்குப் பதற்றம். கடகடவென்று கொட்டிவிட்டேன், தெலுங்கும் இங்கிலீஷுமாக, பழைய லீடர்கள் மாதிரியே. முடித்துவிட்டு, "புரிஞ்சிதா?" என்றேன்.

எல்லாத் தலையும் ஆடியது.

எனக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது. இந்த இடத்துக்கு வர நான் பட்ட பாடு எல்லாம், இந்தத் தலைகளை இன்னொரு முறை ஆடவைப்பதற்குத்தானா? தலையாட்டினால் கணக்கில் சேராது என்றேன். நான் சொன்னதை யாராவது திருப்பிச் சொல்லுங்கள், தப்பாகச் சொன்னாலும் ஒன்றும் இல்லை என்றேன். ஒருத்தி தரையைப் பார்த்தாள். ஒருத்தி கையுறையைச் சரிசெய்தாள். நான் காத்திருந்தேன்.

கடைசியில் நின்ற எல்லம்மா அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். பஸ்ஸில் என்னை அதிகாரம் செய்தவள், இங்கே என் பெயரைச் சொல்லக்கூடத் தயங்கினாள்.

"மேடம்," என்றாள். "நீ சொன்னது எனுக்குப் புரியல."

வரிசை மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது. அந்த லைன் தொடங்கிய காலத்திலிருந்து ஒரு லீடரின் முகத்துக்கு நேராக யாரும் சொல்லாத வார்த்தை அது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது, லீடர் அப்படிச் செய்யக்கூடாது என்பதால் செய்யவில்லை.

முதலிலிருந்து ஆரம்பித்தேன், மெதுவாக, தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை, ஒரிசாப் பெண்களுக்குப் பீஸைக் கையில் எடுத்துக் காட்டி. எல்லம்மா அக்கா திருப்பிச் சொன்னாள், சரியாக. அவள் சொல்லி முடித்ததும், வரிசையில் இன்னும் இரண்டு கைகள் மேலே வந்தன. தங்களுக்கும் புரியவில்லை என்றார்கள்.